சில்லறைக் காசு என்ன உலோகம்? காந்தம், தராசு, தண்ணீர், உரைகல், மெஷின்: எதை எப்போது நம்பலாம்

ஈரோட்டில் என் அத்தை வீட்டுப் பரணிலிருந்து போன மாதம் ஒரு பிஸ்கட் டின் இறங்கியது. உள்ளே மூன்று தலைமுறையின் சில்லறை. ஓட்டைக் காலணா, வளைந்து நெளிந்த விளிம்போடு அலுமினியப் பத்துக் காசு, காண்டாமிருகம் போட்ட 25 காசு, தடித்த ஐந்து ரூபாய், அடியில் ராஜா காலத்து, அதாவது பிரிட்டிஷ் ஆட்சிக் கால, ஒரு ரூபாய்க் காசுகள் ஐந்து. “கண்ணு, இதுல எது வெள்ளி, எது சும்மான்னு பாத்துச் சொல்லு. கடைக்குக் கொண்டு போனா அவங்க சொல்றதுதான் கணக்கு” என்றார் அத்தை.

இதே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். காந்தம் போதுமா, தராசு வாங்கணுமா, நகைக் கடையில் மெஷினில் காட்டலாமா என்று முடிவு செய்ய முடியாமல் நிற்கிறார்கள். ஒவ்வொரு முறைக்கும் ஒரு பலம் இருக்கிறது, ஏமாற்றும் இடமும் ஒன்று இருக்கிறது. இந்தியக் காசுகளை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

என் வரிசையில் முதலில் வருவது, காசுக்குக் காயம் படுமா என்பது. ஒரு கீறல் விழுந்தால் அது திரும்ப ஆறாது. காசு உண்மையிலேயே மதிப்புள்ளதாக இருந்தால், சோதனையே அந்த மதிப்பைக் குறைத்துவிடும்.

இரண்டாவது, அந்த முறை மேல்தோலை மட்டும் பார்க்கிறதா, உள்ளே வரைக்கும் பார்க்கிறதா. முலாம் பூசிய போலி பிடிபடுவதும் தப்புவதும் இதில்தான் இருக்கிறது.

மூன்றாவது, எந்த உலோகத்தை எதிலிருந்து பிரித்துக் காட்டும். எல்லாவற்றையும் சொல்லும் முறை என்று ஒன்று கிடையாது. கடைசியாகச் செலவு. கருவியின் விலையோடு நம் நேரம், அலைச்சல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான்.

சரி, நம் டின்னில் என்னென்ன உலோகம் இருக்கக்கூடும்? அதிகம் இல்லை. இன்றைய 1, 2 ரூபாய்கள் துருப்பிடிக்காத எஃகு, அதாவது ஸ்டீல்: 83% இரும்பு, 17% குரோமியம். அதற்கு முன் பல ஆண்டுகள் குப்ரோ நிக்கல்: முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல், பார்வைக்கு மட்டும் வெள்ளை. அதற்கும் முந்தைய ரூபாய்கள் தனி நிக்கல். மஞ்சள் ஐந்து ரூபாய் நிக்கல் பித்தளை. பழைய பைசாக்களில் அலுமினியமும் வெண்கலமும். ராஜா காலத்து ரூபாயில் இரண்டு தர வெள்ளி: 91.7% ஒன்று, 50% மட்டும் உள்ளது இன்னொன்று.

| முறை | காசுக்குக் காயம் | எவ்வளவு ஆழம் | நன்றாகப் பிரிப்பது | ஏமாற்றும் இடம் |
|---|---|---|---|---|
| காந்தம் | இல்லை | உள்ளே வரை | ஸ்டீல், நிக்கல் ஒரு பக்கம். மற்றதெல்லாம் மறுபக்கம் | ஒட்டாததையெல்லாம் வெள்ளி என்று நினைப்பது |
| ஆண்டும் உருவமும் | இல்லை | எதையும் அளக்காது | அசல் காசின் உலோகம் | போலிக் காசு, உலோகம் மாறிய ஆண்டுகள் |
| தராசு | இல்லை | முழுக் காசும் | ஒரே மதிப்பின் பழைய, புதிய வார்ப்பு | தேய்ந்த காசு |
| தண்ணீர் | இல்லை | முழுக் காசும் | வெள்ளியும் வெள்ளி போன்றதும் | சின்னக் காசு, இரட்டை உலோகக் காசு |
| ஓசை | சிறிது | முழுக் காசும் | ஈயம் கலந்த போலி | பழகாத காது |
| உரைகல், அமிலம் | உண்டு | உரைத்த ஆழம் | வெள்ளியின் தரம் | முலாம் |
| எக்ஸ்ரே மெஷின் | இல்லை | மேல்தோல் | கலவையின் சதவீதம் | முலாம், வெள்ளி ஏறிய தோல் |

## காந்தம்

முதலில் இதுதான். உடைந்த ஸ்பீக்கரின் காந்தமே போதும். டின் முழுவதையும் பத்து நிமிடத்தில் இரண்டு குவியலாகப் பிரித்துவிடலாம்.

1975 முதல் 1991 வரை வந்த ஒரு ரூபாய் குப்ரோ நிக்கல், ஒட்டாது. 1992-லிருந்து வந்தது ஸ்டீல், டக்கென்று ஒட்டும். பதினொரு பக்கம் கொண்ட பழைய 2 ரூபாய் ஒட்டாது. 2005-க்குப் பிறகு வந்த வட்டமான 2 ரூபாய் ஒட்டும். தடித்த 9 கிராம் ஐந்து ரூபாய் ஒட்டாது. 2007-இல் வந்த மெல்லிய வெள்ளை ஐந்து ரூபாய் ஒட்டும். 2009 முதல் வந்த மஞ்சள் ஐந்து ரூபாய் மறுபடியும் ஒட்டாது.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1995-இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காக வெளியிட்ட திருவள்ளுவர் காசுகள். 1, 2, 5 ரூபாய் மூன்றிலும் அதே வள்ளுவர். ஆனால் ஒரு ரூபாய் வள்ளுவர் காந்தத்தோடு வந்துவிடுவார். இரண்டும் ஐந்தும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒன்று ஸ்டீல், மற்ற இரண்டும் குப்ரோ நிக்கல். மூன்றையும் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்த்தால் இந்த வித்தியாசம் புலப்படவே புலப்படாது.

காந்தம் அதிகப் பணத்தைக் காப்பாற்றும் இடம் 1947 ரூபாய். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ், மறுபக்கம் புலி. எடை, பழைய வெள்ளி ரூபாயின் அதே 11.66 கிராம். பார்க்கிறவர்கள் எல்லாரும் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது தனி நிக்கல். போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்பித் தர வேண்டியிருந்ததால் காசிலிருந்து வெள்ளி எடுக்கப்பட்டது. காந்தத்தைக் காட்டினால் உடனே ஒட்டிவிடும். விட்டமும் 28 மி.மீ. தான், வெள்ளி ரூபாய் 30.5 மி.மீ. இருக்கும். அத்தையின் டின்னில் இருந்த ஐந்தில் ஒன்று இதுதான்.

ஒட்டினால் அது வெள்ளி ரூபாய் இல்லை, இதில் சந்தேகமே வேண்டாம். ஒட்டாவிட்டால் அது எதுவாகவும் இருக்கலாம்: பித்தளை, செம்பு, குப்ரோ நிக்கல், ஈயம். “காந்தம் ஒட்டல, அப்போ வெள்ளிதான்” என்று சொல்லி விற்பவரிடம் காசு வாங்காதீர்கள். ஒட்டியது நிக்கலா ஸ்டீலா என்பதையும் காந்தம் சொல்லாது. அதற்கு ஆண்டைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வித்தையும் உண்டு. பழைய ஹார்டு டிஸ்கில் இருக்கும் நியோடிமியம் மாதிரி பலமான காந்தத்தின் சின்னத் துண்டை, சாய்த்துப் பிடித்த காசின் மேல் வழுக்க விட்டுப் பாருங்கள். நல்ல வெள்ளியில் அது தயங்கித் தயங்கி இறங்கும். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகத்தின் மேல் காந்தம் நகரும்போது அங்கே ஒரு மின்னோட்டம் பிறந்து, அந்தக் காந்தத்தையே இழுத்துப் பிடிக்கிறது. குப்ரோ நிக்கலிலும், பெயரில் மட்டும் வெள்ளி உள்ள செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையான ஜெர்மன் சில்வரிலும் சர்ரென்று விழுந்துவிடும். செம்பிலும் அலுமினியத்திலும்கூடத் தயங்கும் என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

## ஆண்டும் உருவமும்

அசல் காசு என்று தெரிந்தால், எந்தக் கருவியும் இல்லாமல் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் 91.7% வெள்ளி. ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் 1940-லிருந்து பாதிதான் வெள்ளி. மீதியில் 40% செம்பு, ஐந்தைந்து சதவீதம் நிக்கலும் துத்தநாகமும். 1942 முதல் 1945 வரையிலான மஞ்சள் அணாக்கள் நிக்கல் பித்தளை. ஓட்டைக் காலணா வெண்கலம். 1950 முதல் வந்த குடியரசு இந்தியாவின் ரூபாய், அரை ரூபாய், கால் ரூபாய் மூன்றும் நிக்கல்.

உலோகம் மாறிய ஆண்டுகளில்தான் கவனம் தேவை. 1988-இலிருந்து 1990 வரை 25 காசு இரண்டு உலோகத்திலும் வந்தது. அங்கே ஆண்டு உதவாது, உருவம் உதவும்: காண்டாமிருகம் இருந்தால் ஸ்டீல். 2009 என்று போட்ட ஐந்து ரூபாய் வெள்ளையாகவும் உண்டு, மஞ்சளாகவும் உண்டு. 2004-க்குப் பிறகு வந்த ஐந்து ரூபாய் நினைவு நாணயங்கள் சில, ஒரே முகத்தோடு குப்ரோ நிக்கலிலும் ஸ்டீலிலும் வந்தன. இந்த இடத்தில் காந்தம்தான் முடிவு சொல்லும்.

ஆண்டுக்குக் கீழே இருக்கும் சின்ன வைரம், நட்சத்திரம், புள்ளி ஆகியவற்றை உலோகக் குறி என்று சிலர் நினைக்கிறார்கள். அவை அக்கசாலையின், அதாவது காசு அடிக்கும் ஆலையின், குறிகள்: வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. உலோகத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

இந்த முறையின் பெரிய ஓட்டை, போலிக் காசிலும் ஆண்டு அழகாகவே எழுதியிருக்கும் என்பதுதான்.

## தராசு

0.01 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரே ஒரு தடவை பார்க்கத்தான் என்றால் அதுவும் வீண் செலவு. டின் நிறைய இருந்தால் வாங்கலாம். 0.1 கிராம் வரை மட்டும் காட்டும் தராசை வாங்காதீர்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் அடுத்த சோதனைக்கு அது உதவவே உதவாது. வாங்கியதும் 2011-க்கும் 2018-க்கும் இடையில் வந்த, அதிகம் தேயாத ஒரு மஞ்சள் ஐந்து ரூபாயை வைத்துப் பாருங்கள், 6 கிராமுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

ஒரு ரூபாய் எப்படி இளைத்தது என்பதைத் தராசு அழகாகக் காட்டும். 1950-களில் 11.66 கிராம். 1962-இல் 10, 1975-இல் 8, 1983-இல் 6, 1992-இல் 4.85, 2011-இல் 3.79. இதில் ஏறக்குறைய ஒவ்வொரு படியும் உலோகமோ அளவோ மாறிய இடம். அதனால் எடை தெரிந்தால், தேய்ந்து ஆண்டு மறைந்துபோன காசின் காலத்தையும் உலோகத்தையும் ஊகித்துவிடலாம். 1992-இன் ஒரு ரூபாயும் 2011-இன் இரண்டு ரூபாயும் எடையிலும் விட்டத்திலும் ஒன்றே: 4.85 கிராம், 25 மி.மீ. பஸ்ஸில் சில்லறை எண்ணும்போது கை தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடை மட்டும் உலோகத்தை நிரூபிக்காது. கொஞ்சம் தடிமனாக வார்த்தால் எந்த உலோகத்திலும் 11.66 கிராம் கொண்டுவந்துவிடலாம். எடை சரியாக இருந்தால் சந்தேகம் குறையும். எடை மிகவும் குறைந்தால் சந்தேகம் கூடும். பல ஆண்டுகள் கைமாறித் தேய்ந்த வெள்ளி ரூபாயில் கொஞ்சம் குறைவது இயல்பு.

## தண்ணீர்

வீட்டில் செய்யக்கூடியதில் நான் அதிகம் நம்புவது இது. தராசின் மேல் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்து, தராசைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ ஓரத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் காசின் கன அளவு, மில்லி லிட்டரில். காசின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

அலுமினியத்துக்கு 2.7 வரும். ஸ்டீலுக்கு 7.7 அருகில், நிக்கல் பித்தளைக்கு 8.5, குப்ரோ நிக்கலுக்கும் நிக்கலுக்கும் 8.9. பாதி வெள்ளிக் கலவைக்கு 9.5, பழைய 91.7% வெள்ளிக்கு 10.3. தேயாத 11.66 கிராம் விக்டோரியா ரூபாய் என்றால் தராசு 1.13 காட்டும், 1940-க்குப் பிந்தைய ரூபாய் 1.22, ஜெர்மன் சில்வரில் செய்த போலி 1.36 வாக்கில். 0.01 கிராம் தராசில் இந்த மூன்றும் தெளிவாகப் பிரியும். 0.1 தராசில் முதல் இரண்டும் 1.1, 1.2 என்று ஒட்டிக்கொண்டு நிற்கும், எதையும் சொல்ல முடியாது.

தொந்தரவுகளும் உண்டு. காசில் ஒட்டும் ஒரு காற்றுக் குமிழி கணக்கைக் கெடுக்கும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டுக் காசை லேசாக ஆட்டினால் போய்விடும். கால் ரூபாய் வெள்ளியில் முழுத் தரத்துக்கும் பாதித் தரத்துக்கும் வித்தியாசம் 0.02 கிராம்தான், அங்கே தீர்ப்புச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. இரண்டு உலோகம் சேர்ந்த 10, 20 ரூபாயில் வருவது வெறும் சராசரி. 20 ரூபாயில் வெளி வளையம் நிக்கல் சில்வர், உள் வட்டம் நிக்கல் பித்தளை. அதைத் தண்ணீரில் தொங்கவிட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒரு காசுக்குப் பத்து நிமிடம் ஆகும். நூறு காசுக்கு இது வழியில்லை. காந்தத்தில் ஒட்டாத, மதிப்புள்ளதாகத் தோன்றும் நாலைந்து காசுக்கு மட்டும் செய்யுங்கள்.

தாமரை போட்ட மஞ்சள் 20 காசில் தங்கம் இருக்கிறது என்ற பேச்சுக்கும் இதுவே பதில். எங்கள் வீட்டில் லட்சுமி பூஜைக்கு அந்தக் காசில் 108 சேர்த்து வைத்திருந்தார்கள், தங்கக் கதையும் கூடவே வந்தது. தங்கத்தின் அடர்த்தி 19.3. அந்தக் காசு செம்பு கலந்த மஞ்சள் உலோகம், அதில் தங்கம் துளியும் இல்லை.

## ஓசை

முன்பெல்லாம் கடைக்காரர்கள் ரூபாயைச் சுண்டிவிட்டுக் காதைக் கொடுப்பார்கள். நல்ல வெள்ளி நீளமாக ரீங்கரிக்கும், ஈயம் கலந்தது தொப்பென்று விழும். பழகிய காதுக்கு இது நல்ல சோதனை. புதியவர்கள், அசல் என்று நிச்சயமாகத் தெரிந்த காசு ஒன்று கையில் இருந்தால் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கல்லில் போட்டால் விளிம்பு அடிபடும். விரல் நுனியில் நிறுத்தி, பென்சிலால் லேசாகத் தட்டுங்கள்.

## உரைகல்லும் அமிலமும்

இதற்கு எதிராகத்தான் எழுதுகிறேன், மறைக்கவில்லை. நகைக்கு இது நூற்றாண்டுகளாக வந்த நல்ல முறை. காசுக்கு இல்லை. உறவினர் ஒருவர் தாத்தாவின் எட்வர்டு ரூபாயை ஒரு கடையில் கொடுத்தார். அவர்கள் விளிம்பை அரத்தால் ராவி, அமிலம் வைத்து, “வெள்ளிதான்” என்று உறுதி செய்து கொடுத்தார்கள். பதில் சரி. ஆனால் ராவிய விளிம்போடு, அமிலக் கறையோடு திரும்பி வந்த அந்தக் காசைச் சேகரிப்பவர்கள் யாரும் பிறகு தொடவில்லை. வெள்ளி எடைக்கு மட்டும்தான் அது போயிற்று. முலாமைத் தாண்டி உள்ளே பார்க்க வேண்டுமானால் ராவியே ஆக வேண்டும், அதாவது காயம் இல்லாமல் இந்த முறை முழுமையாக வேலை செய்யாது. நைட்ரிக் அமிலத்தை வீட்டில் வைத்துக்கொள்வதும் ஆபத்து. உடைந்து, ஓட்டை போட்டு, தாலிக் காசாக நசுங்கி, வெள்ளியாக மட்டுமே மதிப்புள்ள ஒன்றுக்கு வேண்டுமானால் சரி.

## எக்ஸ்ரே மெஷின்

நகைக் கடைகளிலும் ஹால்மார்க் மையங்களிலும் ‘காரட் மீட்டர்’ என்று சொல்வார்களே, அது. எக்ஸ்ரே படும்போது ஒவ்வொரு தனிமமும் திருப்பி அனுப்பும் கதிரை வைத்து, செம்பு இத்தனை, வெள்ளி இத்தனை என்று ஒரு நிமிடத்தில் சீட்டு வந்துவிடும். காசுக்கு ஒரு கீறலும் இல்லை. இரட்டை உலோகக் காசில் வளையத்தையும் நடுவையும் தனித்தனியாகப் பார்க்கவும் இதுதான் வழி.

சீட்டில் சதவீதம் போட்டு வருவதால் மக்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். அது பார்ப்பது மேல்தோலை மட்டும். வெள்ளி முலாம் கெட்டியாக இருந்தால் போலியும் வெள்ளி என்றே சீட்டு வாங்கும். பாதி வெள்ளிக் காசுகளில் இன்னொரு சிக்கல்: அக்கசாலையில் செய்யும்போது மேற்பரப்பில் செம்பு கரைந்து, வெள்ளி கூடுதலாக உள்ள தோல் படியலாம். அப்போது மெஷின் உண்மையைவிட அதிகம் காட்டும். தங்கம், வெள்ளிக்காகவே அளவு திருத்தி வைத்த மெஷினில் நிக்கல், குரோமியம் கணக்கு அவ்வளவு நம்பத்தக்கதாகவும் இருக்காது. அதனால் மெஷினுக்குப் போகும் முன் வீட்டில் தண்ணீர்ச் சோதனை செய்துவிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. மெஷின் 90% வெள்ளி என்று சொல்லி, அடர்த்தி 8.6 வந்தால் அது முலாம்.

## உங்கள் நிலைமைக்கு எது

பிள்ளைகளோடு உட்கார்ந்து வீட்டுச் சில்லறையைத் தெரிந்துகொள்ள ஆசை என்றால் காந்தமும் ஆண்டும் போதும், ஒரு பைசா செலவு வேண்டாம்.

ராஜா காலத்து வெள்ளி ரூபாய் வாங்கப் போகிறீர்கள் என்றால் காந்தத்தையும் தராசையும் கையோடு கொண்டு போங்கள். தண்ணீரில் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் வாங்காமல் வந்துவிடலாம். விற்கப் போகிறீர்கள், தொகையும் பெரிது என்றால் தண்ணீர், அதற்கு மேல் மெஷின். “ராவ மாட்டீங்களே, அமிலம் வைக்க மாட்டீங்களே” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுபோகவும் வேண்டாம், சேகரிப்பவர்கள் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள்.

உலோக விலைக்காக உருக்கலாமா என்று யோசித்தால், புழக்கத்தில் செல்லுபடியாகும் காசை உருக்குவதும் சிதைப்பதும் 2011 நாணயச் சட்டப்படி குற்றம். 25 காசும் அதற்குக் கீழ் உள்ளவையும் அதே ஆண்டு ஜூன் 30 முதல் செல்லாமல் போயின. 50 காசு இன்னும் செல்லும்.

10 ரூபாய் கள்ளக் காசோ என்ற சந்தேகத்துக்கு உலோகச் சோதனையே தேவையில்லை. நம் ஊரில் எத்தனையோ கடைகளில் அதை வாங்க மறுத்தார்கள், உருவம் வேறுவேறாக இருந்ததே காரணம். 14 வகை உருவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாகவே அறிவித்தது.

அத்தையின் ராஜா காலத்து ரூபாய் ஐந்தில் 1918, 1919 இரண்டும் நல்ல வெள்ளி, கொஞ்சம் தேய்ந்திருந்தன. 1944-இல் பாதி வெள்ளி. 1947 நிக்கல். ஐந்தாவது, 1862 விக்டோரியா. காந்தம் ஒட்டவில்லை. எடை 10.9 கிராம், தண்ணீரில் 1.27. மூன்று தடவை பார்த்தேன், அடர்த்தி 8.6-ஐத் தாண்டவே இல்லை. தயங்கித் தயங்கித்தான் அத்தையிடம் சொன்னேன். அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “இது எங்க மாமியார் என் கையில குடுத்தது கண்ணு. வெள்ளிய வேணா டின்னுல போடு, இது சாமி ரூமுலயே இருக்கட்டும்” என்றார்.